நூற்று அறுபத்துமூன்றாம் துண்டு

யாழ்ப்பாணம் பெரிய தெருவிலிருந்து வட்டுக்கோட்டைக்கு ஒரு முழுக் கந்தோரை, ஒரு கடதாசி கசங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட நேரம் முழுதாக ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் ஒரு வேலையைச் செய்தவன் யாரென்று எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்பது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் கடைசியில் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

எங்கள் புறக்டர் நமசிவாயம் ஐயா நீதிமன்றத்தில் வழக்குப் பேசுவார், கந்தோரில் இருந்து காணி உறுதி எழுதுவார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து நாற்பது வருட உறுதிப் பிரதிகள் எங்களிடம் இருந்தன. அவற்றுக்குப் பொறுப்பான கிளாக்கர் சிமியோன், அதாவது நான். குருநகர்க்காரன், கடற்றொழில் செய்கிற குடி, மாதா கோயில் வேதக்காரன், பதினாலு வருடச் சேவை. எனக்குக் கீழே பஞ்சலிங்கம் என்ற கிளாக்கர். வாய்க்கு வாய் 'அண்ணை, அண்ணை' என்பான். அவன் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும்.

கந்தோரின் பின்பக்கம் ஒரு கிணறு. உள்ளே ஒரு மண்பானை, ஒரு பித்தளை மூக்குப்பேணி. காலையில் நான் தண்ணீர் அள்ளி வைப்பேன். ஐயாவும் பஞ்சலிங்கமும் நானும் அந்த ஒரே பேணியில்தான் குடிப்போம். ஐயா இதைக் கூட்டங்களில் சொல்லுவார். சாதி பாராமல் சம ஆசனம், சம போசனம் என்று மேடையேறிப் பேசுகிற காலம் அது. "என்ரை கந்தோரிலை ஒரு பானை, ஒரு பேணி" என்பார். சனம் கைதட்டும். நானும் பின்வரிசையில் நின்று தட்டியிருக்கிறேன். இப்போது நினைக்க என் கையையே வெட்ட வேண்டும் போலிருக்கிறது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டான். நாலு நாளில் திருகோணமலையிலும் போட்டான். அடுத்தது யாழ்ப்பாணக் கோட்டைதான் என்று கதை பரவியது. எங்கள் கந்தோரிலிருந்து கோட்டை கூப்பிடு தூரம். ஐயா கலங்கிப்போனார்.

"சிமியோன், உறுதியள் எரிஞ்சால் ஊரிலை அரைவாசிச் சனத்துக்குக் காணி இல்லை. முதலிலை உறுதியளைக் காப்பாத்த வேணும்" என்றார்.

வட்டுக்கோட்டையில் மார்க்கண்டர் என்பவரின் வளவு கிடைத்தது. பின்வீட்டில் மார்க்கண்டரும் மனைவி மீனாம்பிகையும் இருந்தார்கள். முன்வீடு எங்களுக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரே கிணறு. களப்புக்குக் கிட்டிய பக்கமாகையால் அங்கே பத்துக் கிணற்றில் ஒன்பது உவர். மார்க்கண்டர் கிணறு மட்டும் இளநீர் மாதிரி. வளவின் கோடியில் ஒரு சின்ன மண்வீடும் இருந்தது.

"அது உமக்கு. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வாரும். நீர் இல்லாமல் அந்தப் பெட்டியளிலை ஒரு உறுதி எடுக்கேலுமோ?" என்றார் ஐயா.

அன்று பின்னேரமே என் மனைவி லூர்த்தம்மா மாற்று உடுப்பு, சட்டி பானை, மாதா படம் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிவிட்டாள். கோட்டைக்குப் போடுகிற குண்டு சற்றுக் கை தவறினால் எங்கள் கூரைதான். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வானத்தில் சின்ன இரைச்சல் கேட்டாலும் மேசைக்குக் கீழே ஓடுவார்கள்.

மூன்று கிழமை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. வட்டுக்கோட்டை வீட்டை அளந்து படம் கீறினேன். எந்த அறையில் எந்த அலுமாரி, எந்தச் சுவரோடு எந்த றங்குப்பெட்டி, ஐயாவின் மேசைக்கு எந்தப் பக்கமிருந்து வெளிச்சம், எல்லாம் அதில் இருந்தது. உறுதிப்பெட்டிகள் இருபத்துநாலையும் உள்ளறையில் வைத்து, வடக்கு யன்னலோடு என் மேசை. பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கடதாசித் துண்டு எழுதினேன். இலக்கம், பொருள், இறங்க வேண்டிய அறை, கட்டியவர் பெயர். பசை காய்ச்சி ஒட்டினேன், ஒட்ட முடியாததில் நூலால் கட்டினேன்.

பஞ்சலிங்கம் கேட்டான், "பேர் எதுக்கண்ணை?"

"உடைஞ்சால் ஆரைக் கேக்கிறது? செய்தவன்ரை பேர் இருக்க வேணும்."

"உடையாட்டில்?"

"அப்பவும் இருக்கட்டுமன்."

மொத்தம் நூற்று அறுபத்திரண்டு துண்டுகள். ஐயா வீட்டிலிருந்து நாளும் நேரமும் பார்த்து அனுப்பினார்கள். வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை. புது இடத்துக்குள் முதலில் போக வேண்டியது நிறைகுடமும் விளக்கும். நான் வேதக்காரன்தான். ஆனால் பதினாலு வருடம் சைவக் கந்தோரில் இருந்தவனுக்கு நிறைகுடம் தெரியாதா? பட்டியலில் முதலாம் இலக்கத்தை அதற்கே கொடுத்தேன். குடம், மாவிலை, தேங்காய், பரப்ப அரிசி, வாழையிலை என்று ஒன்றும் விடாமல் எழுதினேன்.

ஐந்து வண்டிகளில் முதல் வண்டியோடு நான் வந்தேன். முன்வீட்டுப் பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருந்தது. மார்க்கண்டரும் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள், ஐயாவோடு வருவதாக ஏற்பாடு. ஏழு மணியாயிற்று. ஐயாவின் காரைக் காணவில்லை. பெற்றோல் பங்கீட்டுக் காலம், எங்கே நின்றுவிட்டதோ தெரியாது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து ஒழுங்கையில் நிரையாக நின்றன. நிறைகுடம் போகாமல் எதையும் இறக்கக் கூடாது.

அப்போதுதான் பார்த்தேன், குடம் வெறுமையாக இருந்தது. நிறைகுடம் என்று எழுதிய எனக்கு, அதை நிறைக்கிறவர் யாரென்று எழுதத் தோன்றவில்லை. ஏழு பத்து. சுபநேரம் தவறினால் ஐயாவுக்கு மனம் விடாது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துலாக் கயிற்றைப் பிடித்தபோது, பழக்க தோசம், ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. குடத்தை நிரப்பி, அரிசி பரப்பிய இலையில் வைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்தேன். பிறகு முதலாம் துண்டை எடுத்தேன். 'கட்டியவர்' என்று இருந்ததை வெட்டிவிட்டு, 'நிரப்பியவர்: சிமியோன்' என்று எழுதிக் குடத்தின் கழுத்தில் கட்டினேன். பட்டியல் பட்டியலாக இருக்க வேண்டும் அல்லவா?

ஏழு இருபதுக்குக் கார் வந்தது. ஐயா வியர்த்து விறுவிறுத்து இறங்கினார். எல்லாம் தயாராக இருப்பதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சிமியோன் இருக்க எனக்கென்ன குறை!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

கற்பூரம் கொளுத்தி, விளக்கேற்றி, வலதுகாலை வைத்து உள்ளே போனார்கள். பஞ்சலிங்கம் வண்டிகளிலிருந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினான். என் மேசை, நூற்றிரண்டாம் இலக்கம், யன்னலோடு போய் அமர்ந்ததை என் கண்ணால் கண்டேன். அந்த அரை மணித்தியாலம் நான் சந்தோசமாக இருந்தேன், மறைக்க மாட்டேன்.

மீனாம்பிகை அம்மா சாய்ந்திருந்த தேங்காயை நிமிர்த்தக் குனிந்தவர் துண்டைக் கண்டார்.

"இதென்ன கட்டியிருக்கு? நிரப்பினது... சிமியோன். ஆர் உது?"

"நான்தான், அம்மா" என்றேன். மெச்சப்போகிறார் என்று நினைத்த என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

"எந்தக் கிணத்திலை அள்ளினது?"

"உங்கடை கிணத்திலைதான்."

அவர் கையைச் சேலையில் துடைத்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மார்க்கண்டர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"புறக்டர், அந்தத் தண்ணியிலைதான் கோயிலிலை அபிசேகம் நடக்குது. உந்தக் கடற்கரையாள் அதிலை கை வைச்சிட்டான். கூட்டத்திலை நீங்கள் என்னத்தையும் பேசுங்கோ. இது வீடு."

ஐயா பஞ்சலிங்கத்தைப் பார்த்தார். 'நான்தான் அள்ளினேன், அண்ணை எழுத்து வேலைதான் செய்தார்' என்று அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவன் பதினேழாம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். குடத்தை வாசலில் கவிழ்த்தார்கள். தண்ணீர் என் கால்வரைக்கும் ஓடிவந்தது.

ஐயா என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். தோளில் கைகூடப் போட்டார். ஆனால் பின்வீட்டுக்குத் தெரியாத பக்கமாக நின்றுதான் போட்டார்.

"சிமியோன், எனக்கு இதுகளிலை நம்பிக்கை இல்லையெண்டு உமக்குத் தெரியும்."

"ஓம், ஐயா."

"ஆனால் இந்த நேரத்திலை வேறை வீட்டுக்கு எங்கை போறது? பெட்டியள் இறங்கியிட்டுது."

"ஓம், ஐயா."

"பழைய கந்தோரிலையும் ஒருத்தர் இருக்கத்தானே வேணும். வாற ஆக்களை இங்கை அனுப்ப வேணும். அதுக்குப் பொறுப்பான ஆள் நீர்தான்."

"குடும்பத்தைக் கூட்டிவரச் சொன்னியள், ஐயா. குண்டு..."

"அங்கை ஒண்டும் விழாது, சிமியோன். பயப்பிடாதையும்."

விழாதென்றால் நாற்பது வருடக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு நீர் ஏன் ஓடிவந்தீர் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது பதினாலு வருடமாக 'ஓம், ஐயா' சொல்லிப் பழகிய நாக்கு. அதையே சொன்னது.

நான் வெறும் வண்டியில் திரும்பும்போது கிணற்றடியில் ஆறு பேர் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு நாள் இறைத்தார்களாம், சேறு தெரியும்வரை. நல்ல வைகாசி வெயில்.

பழைய கந்தோரில் மிஞ்சியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பச் சொன்னார் ஐயா. மேசை 1, கதிரை 1, வாங்கு 1, தண்ணீர்ப் பானை 1, மூக்குப்பேணி 1 என்று எழுதினேன். கோபத்தில் அதற்குக் கீழே 'கிளாக்கர் 1' என்றும் எழுதினேன். ஐயா வாசிக்காமலே கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினார்.

லூர்த்தம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"கடதாசியளைக் காப்பாத்திப்போட்டினம். உங்களைக் கோட்டையடியிலை விட்டிட்டினம். அந்தக் கடதாசியாய்ப் பிறந்திருக்கலாம் நீங்கள்" என்றாள்.

மூட்டையை அவிழ்க்கவும் இல்லை. சோறு காய்ச்ச ஒரு பானையை மட்டும் அதிலிருந்து உருவி எடுப்பாள், கழுவித் திரும்பவும் உள்ளே வைப்பாள். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கந்தோருக்குப் போவேன். அங்கே வெறுஞ் சுவர். அலுமாரிகள் நின்ற இடம் சதுரம் சதுரமாக வெள்ளையாகத் தெரியும். யாராவது வந்து ஒப்பம் வைக்க வேண்டுமென்றால், "வட்டுக்கோட்டைக்குப் போங்கோ, மார்க்கண்டர் வளவு" என்பேன். ஒரு நாளைக்கு நாலு பேர் வருவார்கள். மிச்ச நேரம் சுவரில் இருக்கும் சதுரங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இரண்டு கிழமை கழித்து ஐயாவிடமிருந்து ஓர் அவசரக் கடிதம் வந்தது. தொள்ளாயிரத்துப் பதினோராம் ஆண்டு உறுதி ஒன்றைத் தேடி எடுக்க முடியவில்லை, உம்மிடம் உள்ள அட்டவணைக் கொப்பியோடு உடனே வாரும் என்று எழுதியிருந்தார். சைக்கிளில் ஏழு கட்டைத் தூரம் ஓடினேன். என் மனதில் ஒரு நைப்பாசை. தேடத் தெரியாமல் திண்டாடினால் என்னைத் திரும்ப எடுப்பார்கள் அல்லவா?

வாசற் படலையடியில் பஞ்சலிங்கம் நின்றான். "சிமியோன், உதிலையே நில்லும்" என்றான்.

'அண்ணை' போய்விட்டது. 'நில்லுங்கோ' என்பதும் போய்விட்டது. பின்வீட்டு வாசலில் மீனாம்பிகை அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் உள்ளே போய் யன்னலைத் திறந்தான். என் மேசை இருந்த யன்னல். நான் ஒழுங்கையில் நின்று கொப்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"பெட்டி பதினேழு! அடியிலையிருந்து நாலாங் கட்டு! சிவப்பு நூல்!"

"சிவப்பு நூலிலை ரண்டு கட்டு இருக்கு!"

"தடிச்சதை எடும்! ஒன்பதாவது கடதாசி!"

தெருவால் போனவர்கள் ஏலம் போடுகிறார்களோ என்று நின்று பார்த்தார்கள். உறுதி கிடைத்தது. ஐயா உள்ளேயிருந்து, "கெட்டிக்காரன்!" என்று சத்தம் வைத்தார். வெளியே வரவில்லை.

போகத் திரும்பியபோது பஞ்சலிங்கம் ஒரு பால் தகரப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்தான். விளிம்பு துருப்பிடித்திருந்தது. படலைக் கப்பின்மேல் வைத்துவிட்டு விலகி நின்றான். அதைத் தட்டிவிட்டிருந்தால் இந்தக் கதையில் நான் நல்ல மனிசனாக இருந்திருப்பேன். ஏழு கட்டை வெயிலில் ஓடிவந்தவன், எடுத்துக் குடித்தேன்.

உப்பு. சாதாரண உவர்கூட இல்லை, சுத்தமான உப்பு. கடற்கரையாளுக்கு அது தெரியாதா?

"இறைச்ச பிறகு ஊறினது இதுதான்" என்றான் பஞ்சலிங்கம், உதடு அசையாமல். "அடியிலையிருந்து உவர் ஏறியிட்டுது. மாரி மழை பெய்தாத்தான் திருந்துமாம்."

"அபிசேகம்?"

"வேறை வளவிலை அள்ளுகினம். அவையும் இனித் தரமாட்டம் எண்டு நிக்கினம்."

பட்டணத்துக்குக் கிட்ட, ஓட்டுமடம் வரைக்கும் தனியே சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓடினேன். நான் ஒரு குடம் அள்ளியபோது கெடாத கிணற்றை அவர்களே துப்பரவாக்கிக் கெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. உப்பானாலும் அது நான் தொடக்கூடாத கிணறுதான். என் மேசை யன்னலோடு இருந்தது, நான் படலைக்கு வெளியே நின்று வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பஞ்சலிங்கம் பழைய கந்தோருக்கு வந்தான். சைக்கிளைச் சுவரில் சாத்தினான். உள்ளே வந்தவன் நேரே பானையடிக்குப் போனான். மூக்குப்பேணியில் அள்ளி அண்ணாந்து குடித்தான். மூன்று பேணி. தொண்டை மேலும் கீழும் போய்வந்தது.

"அப்பாடா! அமிர்தம், அண்ணை" என்றான்.

அண்ணை திரும்பி வந்துவிட்டது. இங்கே யார் பார்க்கிறார்கள்?

பிறகு பையிலிருந்து இரண்டு பெரிய வெறும் போத்தில்களை எடுத்து மேசையில் வைத்தான்.

"அங்கத்தைத் தண்ணியிலை தேத்தண்ணி வாயிலை வைக்கேலாது, அண்ணை. இங்கை இருந்து ஒரு போத்தில் கொண்டுவரச் சொன்னவர் ஐயா. இனி ஒவ்வொரு நாளும் வருவன்."

"மற்றப் போத்தில்?"

அவன் சால்வையால் முகத்தைத் துடைத்தான்.

"கேட்டனான், மற்றப் போத்தில் ஆருக்கு?"

"மார்க்கண்டர் வீட்டுக்கு. அம்மாவுக்குச் சமிபாடு இல்லை. புறக்டரின்ரை கிணத்துத் தண்ணி எண்டு ஐயா சொல்லிவைச்சிருக்கிறார்."

"அள்ளுறது ஆரெண்டு கேட்டவவோ?"

"இல்லை, அண்ணை."

"அண்டைக்குக் கேட்டவ."

"இப்ப கேக்கேல்லை."

நான் கிணற்றடிக்குப் போனேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அள்ளித் துப்பிவிட்டுக் கொடுத்திருக்கலாம், அந்த நினைப்பும் வந்தது. லூர்த்தம்மாவின் மூட்டை கண்ணில் நின்றது. உள்ள வேலையும் போனால் எங்கே போவேன்? கயிற்றை விட்டு அள்ளினேன். இரண்டு போத்திலையும் கழுத்துவரை நிரப்பித் தக்கையால் அடைத்து, கயிற்றால் ஒன்றாகக் கட்டினேன்.

பிறகு மேசை லாச்சியைத் திறந்தேன். வெட்டிவைத்த வெறுந் துண்டுகள் சில மிஞ்சியிருந்தன. சட்டியின் அடியில் காய்ந்திருந்த பசையைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். என் நல்ல எழுத்தில் எழுதினேன்.

'இலக்கம் 163. தண்ணீர், போத்தில் 2. அள்ளியவர்: சிமியோன், கிளாக்கர்.'

முன்போத்திலில் ஒட்டிக் கையால் அழுத்தித் தேய்த்தேன்.

பஞ்சலிங்கம் குனிந்து அதை வாசித்தான். "இது வேண்டாம், அண்ணை."

"கந்தோர் ஒழுங்கு, தம்பி. துண்டில்லாமல் ஒண்டும் அங்கை போகேல்லை. இதுவும் போகாது."

"ஏன் அண்ணை வீண் கரைச்சல்..."

"என்ரை பேரிலை என்ன கரைச்சல்?"

போத்தில்களைத் தூக்கிப் பையில் வைத்துச் சைக்கிளில் மாட்டினான். "வாறன், அண்ணை" என்று மட்டும் சொன்னான்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். தெரு முனைவரை ஓடிப் போனவன் விளக்குக் கம்பத்தடியில் இறங்கினான். சைக்கிளைச் சாத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து போத்தில்களை எடுத்தான். விரலை நாக்கில் நனைத்துத் துண்டின் ஓரத்தைத் தேய்த்தான். பசை இன்னும் காயவில்லை, இலேசாகவே உரிந்துவந்தது. அதை உருட்டித் தெருக் கானுக்குள் போட்டான். சால்வையால் கண்ணாடியைத் துடைத்து, ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று வெயிலில் உயர்த்திப் பார்த்தான்.

பிறகு சைக்கிளில் ஏறி, வட்டுக்கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனான்.